கடலின் விதைநெல்

உழவர் வீட்டில் பசி வந்துற்றாலும் விதைநெல்லுக்கு உலை வைப்பதில்லை. அறுவடை நாளிலேயே அடுத்த பருவத்திற்குரிய நெல்லைப் பிரித்தெடுத்து, வைக்கோலால் பொதிந்து விதைக்கோட்டை கட்டி வைத்துவிட்டு, எஞ்சியதையே உண்பதற்கும் விற்பதற்கும் எடுத்துக்கொள்வர். நிலத்தை நம்பி வாழ்ந்தோர் பன்னூறு தலைமுறைகளாகக் கைக்கொண்ட விதி இது. ஆனால் கடலில் இவ்விதியைக் கணக்கிட்டுக் கடைப்பிடிக்க மனிதன் முயன்ற வரலாறு மிக அண்மையது. அவ்வரலாற்றின் தெளிவான பகுதி ஒன்று, தென் அட்லாண்டிக் பெருங்கடலின் குளிர்ந்த நீரில் வாழும் ஒரு கணவாயினத்தைச் சுற்றி எழுந்தது. இரு நாடுகளின் போரும், பல நாடுகளின் கப்பல்களும், சில அறிஞர்களின் எளிய கணக்கும் அதனுள் பின்னிக் கிடக்கின்றன.

மலேசிய, சிங்கைச் சந்தைகளில் சோத்தோங் என்னும் பெயரால் அனைவரும் அறிந்த உயிரினத்தின் உறவே இது. நீண்ட உடலும், எட்டுக் கைகளும், இரையைப் பற்றும் இரண்டு நீண்ட கரங்களும், கூரிய கண்களும் உடையது. தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் வாழும் இவ்வினத்தை 1960ஆம் ஆண்டில் அர்ஜென்டின நாட்டு மெல்லுடலி ஆய்வாளர் சுல்மா கஸ்தெல்யானோஸ் தனியினமாகக் கண்டு விளக்கினார். இன்று அறிவியலார் இதனை இல்லெக்ஸ் அர்ஜென்டினஸ் என வழங்குகின்றனர்.

ஓராண்டு வாழ்வு

இக்கணவாயின் வாழ்நாள் ஏறத்தாழ ஓராண்டு. அதன் தலைக்குள் உடலின் சமநிலையை உணர்த்தும் மிகச் சிறிய கற்கள் இரண்டு உள்ளன. மரத்தின் குறுக்கு வெட்டில் ஆண்டு வளையங்கள் தோன்றுவது போல, அக்கற்களில் நாளுக்கு ஒரு வளையம் படிகிறது. வளையங்களை நுண்ணோக்கியால் எண்ணிப் பார்த்தே இதன் வயதை ஆய்வாளர் உறுதி செய்தனர்.

ஒரு பெண் கணவாய் இலட்சத்திற்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. அவை கூழ் போன்ற பொதியில் பொதிந்து நீரிடையே மிதப்பன. அவற்றிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள குஞ்சுகள் வெளிப்படுகின்றன. பிரேசிலின் வெந்நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் குளிர்நீரோட்டமும் சந்திக்கும் பரப்பே அவற்றின் தொட்டில். கோடையில் இளங்கணவாய்கள் படகோனியக் கரையின் ஆழங்குறைந்த கடற்பரப்பை அடைந்து, தெற்கு நோக்கி இரை தேடிச் செல்கின்றன. மிதவை இறால்களையும் சிறு மீன்களையும் உண்கின்றன. வாய்ப்பு நேர்ந்தால் தம்மினத்தையே தின்னவும் தயங்குவதில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான திங்களில் அவற்றுள் பெருங்கூட்டம் ஒன்று ஃபாக்லாந்துத் தீவுகளின் அருகே வந்து சேர்கிறது. உடல் முதிர்ந்ததும் கடற்சரிவின் ஓரமாக வடக்கே திரும்பி, முட்டையிட்டு, மடிந்துபோகிறது. ஒருமுறை ஈன்றபின் தாயும் இல்லை, தந்தையும் இல்லை.

இவ்வினத்தின் பெருக்கமும் சுருக்கமும் இந்தக் குறுகிய வாழ்விலேயே அடங்கியுள்ளன. பல்லாண்டு வாழும் மீனினத்தில் முதியவையும் இளையவையும் கலந்து நிற்கும். ஓராண்டில் குஞ்சுகள் பொய்த்தாலும் முந்தைய ஆண்டுகளில் பிறந்தவை இனத்தைத் தாங்கும். அது பல ஆண்டுகள் சேர்த்து வைத்த நெற்குதிர் போன்றது. கணவாய்க்கோ அத்தகைய குதிர் இல்லை. இவ்வாண்டு கடலில் காணப்படும் கணவாய் அனைத்தும் சென்ற ஆண்டு முட்டையிட்டவற்றின் மக்களே. அவற்றை முற்றாகப் பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு மூலம் இல்லை.

மற்றொரு கூறும் உண்டு. குஞ்சு பொரிக்கும் கடற்பரப்பின் வெப்பநிலையும் நீரோட்டமும் ஏற்றவாறு அமைந்தால் கோடிக்கணக்கில் பிழைக்கும். அமையாவிடில் பெரும்பாலானவை அழியும். ஃபாக்லாந்து மீன்பிடியின் ஆண்டு வேறுபாட்டிற்கும் முந்தைய குளிர்காலத்தில் குஞ்சு பொரித்த பரப்பின் நீர்நிலைக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைச் செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு ஆய்வாளர் பின்னாளில் காட்டினர். ஆகவே, தாய் தந்தையரின் எண்ணிக்கை ஒருபுறமும் கடலின் மனநிலை மறுபுறமுமாக இவ்வினத்தின் அளவை ஆண்டுதோறும் தீர்மானிக்கின்றன.

விளக்கொளியில் வந்த கப்பல்கள்

கணவாய் பிடிப்பில் ஜப்பானியர் முன்னோடிகள். இரவில் படகின் மேல் விளக்கேற்றினால் கணவாய்கள் ஒளியின் எல்லையில் கூடி, படகின் நிழலில் பதுங்கி, அங்கிருந்து இரையை நோக்கிப் பாயும். இரை வைக்காத, முட்கிரீடம் போன்ற தூண்டில்களை ஏற்றி இறக்கினால் அவை தாமாகவே வந்து பற்றிக்கொள்ளும். கையால் செய்த இவ்வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டபோது பிடிப்பு பெருகியது. ஜப்பான் கடற்பகுதியில் வாழும் கணவாயினத்தின் பிடிப்பு 1968இல் 6,68,000 டன் என்னும் உச்சத்தை எட்டியது. அதன்பின் சரிந்தது. தம் கடலில் கணவாய் குன்றவே, ஜப்பானியக் கப்பல்கள் 1970களில் நியூசிலாந்துக்கும், பின்னர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பகுதிக்கும் சென்றன.

நியூஃபவுண்ட்லாந்தில் நடந்தது ஒரு பாடம். அங்கு வாழும் வடஅட்லாண்டிக் கணவாய், அர்ஜென்டினக் கணவாயின் நெருங்கிய உறவு. அதுவும் ஓராண்டு உயிரே. 1979இல் அதன் பிடிப்பு 1,60,000 டன்னைத் தாண்டியது. அடுத்த ஆண்டிற்கு 1,50,000 டன் என உச்சவரம்பு வகுக்கப்பட்டது. ஆனால் கடல் அந்த வரம்பைப் படித்துப் பார்க்கவில்லை. பிடிப்பு ஆண்டுதோறும் பாதியாகவும் பாதிக்குக் கீழாகவும் இறங்கி, 1983இல் ஆயிரம் டன்னைக்கூட எட்டவில்லை. சென்ற ஆண்டின் விளைச்சலை அளவுகோலாக வைத்து இவ்வாண்டின் பங்கை வகுப்பது, பல்லாண்டு வாழும் மீனுக்கு ஓரளவு பொருந்தலாம். சென்ற ஆண்டின் உயிர் ஒன்றுகூட எஞ்சியிராத கணவாய்க்கு அது பொருந்தாது. உலகக் கடல்களில் அடுத்த இடம் தேடிய கப்பல்கள் தென் அட்லாண்டிக்கை நோக்கித் திரும்பின.

போரும் எல்லையும்

தென் அட்லாண்டிக்கில் அப்போதுதான் ஒரு போர் முடிந்திருந்தது. ஃபாக்லாந்துத் தீவுகளைப் பிரிட்டன் ஆண்டுவர, மால்வினாஸ் என்னும் பெயரால் அவற்றை அர்ஜென்டினா தனக்குரியவை என்று கோரி வருகிறது. 1982 ஏப்ரல் 2ஆம் நாள் அர்ஜென்டினப் படை தீவுகளில் இறங்கியது; ஜூன் 14ஆம் நாள் சரணடைந்தது. போர் முடிந்தது, வழக்கு முடியவில்லை. அக்கடலில் யார் மீன்பிடிக்கலாம், யார் தடுக்கலாம் என்பதற்கு இரு தரப்பும் ஏற்ற விடை இல்லாதிருந்தது. அந்த வெற்றிடத்துள் ஜப்பான், தைவான், தென்கொரியா, ஸ்பெயின், போலந்து, சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளின் கப்பல்கள் ஆண்டுதோறும் பெருகி நுழைந்தன. தடுப்பார் இல்லாத களத்துமேட்டில் வழிப்போக்கர் எல்லாம் நெல் அள்ளுவது போன்ற நிலை அது.

1986ஆம் ஆண்டு நிலைமை முற்றியது. மே திங்களில் தைவான் கப்பலொன்றை அர்ஜென்டினக் காவற்கப்பல் சுட்டது. அக்கப்பல் மூழ்கி உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஜூலையில் அர்ஜென்டினா சோவியத் ஒன்றியத்துடனும் பல்கேரியாவுடனும் மீன்பிடி உடன்பாடுகள் செய்துகொண்டது. அதே ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், தீவுகளைச் சுற்றி 150 கடல்மைல் அளவில் மீன்பிடிக் காப்பு மண்டலம் ஒன்றைப் பிரிட்டன் அறிவித்தது. 1987 பிப்ரவரி முதல் நாள் தொட்டு, உரிமம் பெறாத எந்தக் கப்பலும் அங்கு மீன்பிடிக்க இயலாது என்றாயிற்று. 1990இல் மேலும் ஒரு வெளி மண்டலம் சேர்க்கப்பட்டது.

அன்று தீவுகளின் மக்கள் தொகை ஏறத்தாழ 2000. ஆட்டு ரோமத்தை நம்பி வாழ்ந்த அச்சிறு மக்களுக்கு, ஒரு கணவாயின் உரிமக் கட்டணம் அரசின் முதன்மை வருமானமாயிற்று. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் சாலையும் அதனால் எழுந்தன. இவ்வாறு ஒரு சமுதாயத்தின் வாழ்வு முழுவதும் ஓராண்டு உயிரொன்றின் மீது அமர்ந்தது. ஆகவே, 'எவ்வளவு பிடிக்கலாம்?' என்னும் வினா ஏட்டளவு வினாவாக இருக்கவில்லை.

எலியிலிருந்து கணவாய்க்கு

கடலுக்குள் எத்தனை கணவாய் உள்ளன என்பதை எண்ணிச் சொல்வது எவ்வாறு? பருவம் தொடங்கும் வரை அவற்றைக் காண இயலாது. பருவம் முடிந்ததும் அவை இறந்துவிடும். இடைப்பட்ட சில திங்களுக்குள் எண்ண வேண்டும், எண்ணியதைக் கொண்டு முடிவெடுக்கவும் வேண்டும்.

இதற்கு உதவிய கணக்கு கடலில் பிறந்ததன்று. லெஸ்லி, டேவிஸ் என்னும் ஆய்வாளர் இருவர் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் நகரில் எலிகளின் தொகையை அறிய வகுத்து, 1939இல் வெளியிட்ட முறை அது. கனடா நாட்டுப் புள்ளியியல் அறிஞர் டிலூரி 1947இல் அதனை மீன்பிடிக்கு ஏற்றவாறு விளக்கினார். முறை மிக எளிது. ஒரு பரப்பில் பொறி வைத்து எலி பிடிக்கப் பிடிக்க, பொறியில் விழும் எலிகள் குறைந்துகொண்டே வரும். அந்தக் குறைவின் வேகமே தொடக்கத்தில் எத்தனை எலிகள் இருந்தன என்பதைச் சொல்லிவிடும்.

ஒரு சிறு எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். பருவத் தொடக்கத்தில் ஒரு கப்பலுக்கு ஓர் இரவில் 10 டன் கணவாய் கிடைப்பதாகக் கொள்வோம். எல்லாக் கப்பல்களும் சேர்ந்து 1000 டன் பிடித்தபின் அது 8 டன்னாகவும், 2000 டன் பிடித்தபின் 6 டன்னாகவும் குறைகிறது. ஆயிரத்துக்கு இரண்டு வீதம் குறைந்தால், 5000 டன் பிடிக்கும் நேரத்தில் அது சுழியைத் தொடும். எனவே, தொடக்கத்தில் அங்கிருந்தது ஏறத்தாழ 5000 டன். பள்ளிச் சிறுவனும் போடத்தக்க கணக்கு இது. ஆனால் கணவாய் நாள்தோறும் வளர்கிறது. புதிய கூட்டம் வந்து சேர்கிறது. பிற உயிர்களுக்கு இரையாகியும் குறைகிறது. இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்துத் திருத்த வேண்டும். இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த பெடிங்டன், ரோசன்பெர்க் முதலானோர் இத்திருத்தங்களோடு இம்முறையை ஃபாக்லாந்துக் கணவாய்க்குப் பொருத்தி 1990இல் வெளியிட்டனர். உரிமம் பெற்ற ஒவ்வொரு கப்பலும் தன் அன்றாடப் பிடிப்பை அறிவிக்க வேண்டும் என்பது விதி. அவ்வறிக்கைகளே இக்கணக்கின் எண்களாயின. பிடிப்போர் தரும் உண்மையான கணக்கே பிடிக்கப்படும் உயிரைக் காக்கும் கருவியாக மாறியது இவ்வரலாற்றின் சிறப்புக் கூறு எனலாம்.

நாற்பது விழுக்காடு

எண்ணிக்கை தெரிந்தபின் விதைநெல் எவ்வளவு என்று வகுக்க வேண்டும். மீன்பிடியே இல்லாதிருந்தால் முட்டையிடும் காலம் வரை எத்தனை கணவாய்கள் உயிரோடு எஞ்சுமோ, அதில் குறைந்தது 40 விழுக்காடு தப்பிச் செல்ல வேண்டும் என்பதே விதி. 'மீன்பிடியே இல்லாதிருந்தால்' என்னும் சொல் கருதத்தக்கது. மனிதன் தொடாவிட்டாலும் ஒவ்வொரு வாரமும் நூற்றில் ஆறு கணவாய்கள் இயற்கையாகவே மடிகின்றன என்னும் அளவைக் கணக்கிடுவோர் கொண்டனர். அவ்வாறாயின், பருவத் தொடக்கத்தில் நூறாக இருந்தவை நான்கு திங்களின் இறுதியில் தாமாகவே மூன்றில் ஒரு பங்களவாகச் சுருங்கும். அந்த எச்சத்தில் 40 விழுக்காடு என்றால், தொடக்கத்தில் இருந்த நூற்றில் பதினான்கு அளவே தாய் தந்தையராக மிஞ்ச வேண்டும். மிகச் சிறிய பங்குதான். ஆயினும் அதற்கும் கீழே போகலாகாது.

இவ்விதியின்படி, பருவம் தொடங்குமுன் எத்தனை கப்பல்களுக்கு உரிமம் தருவது என்று வரையறுத்தனர். பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரையிலான பருவத்தில் வாரந்தோறும் கணக்கெடுத்தனர். தப்ப வேண்டிய பங்கு ஆபத்துக்குள்ளானால் பருவம் முடியுமுன்னரே மீன்பிடியை நிறுத்தினர். டன் கணக்கில் முன்கூட்டியே பங்கு வகுத்த நியூஃபவுண்ட்லாந்து முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்கும்.

எனினும் கணவாய்க்கு மனிதர் வகுத்த எல்லை தெரியாது. ஃபாக்லாந்து வந்து சேரும் கூட்டம் அர்ஜென்டினக் கடல் வழியாகவே வருகிறது, அவ்வழியாகவே திரும்புகிறது. ஒரு வயலின் விதையை இரு வீட்டார் காக்க வேண்டிய நிலை. போர் முடிந்து எட்டே ஆண்டுகளான நிலையில், 1990 நவம்பர் 28ஆம் நாள், தீவுகளின் உரிமை பற்றிய தத்தம் நிலைப்பாட்டை விட்டுக்கொடுக்காமலே, தென் அட்லாண்டிக் மீன்வள ஆணையம் ஒன்றை அமைக்கப் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் இசைந்தன. பிடிப்பு விவரங்களை இருதரப்பு ஆய்வாளரும் பகிர்ந்துகொண்டனர். 40 விழுக்காட்டு விதியை இரு தரப்பும் ஏற்றன. முட்டையிடும் கூட்டத்தின் எடை 40,000 டன்னுக்குக் கீழே போகலாகாது என்றும் வரம்பு கட்டினர். போர்க்களத்தில் எதிரெதிர் நின்ற நாடுகள் ஒரே மேசையில் அமர்ந்து கணவாயை எண்ணிய ஆண்டுகள் அவை.

பேச்சு நின்ற பின்

1999ஆம் ஆண்டு தென்மேற்கு அட்லாண்டிக்கில் இக்கணவாயின் மொத்தப் பிடிப்பு 11 இலட்சம் டன்னைத் தாண்டியது. ஆனால் 2004, 2005ஆம் ஆண்டுகளில் கணவாய் பெருமளவு பொய்த்தது. அதே 2005இல் இரு நாடுகளுக்கிடையே ஆணையத்தின் பணியும் முடங்கியது. விவரப் பகிர்வு நின்றது. கூட்டுக் கணக்கு இரண்டு தனிக் கணக்குகளாகப் பிளவுபட்டது.

அதன்பின் வந்த ஆண்டுகளின் எண்களைப் பார்ப்போர் திகைப்பர். 2009இல் ஃபாக்லாந்து மண்டலத்தில் பிடிபட்ட இக்கணவாய் வெறும் 44 டன். ஒரு கப்பல் நல்லதோர் இரவில் பிடிக்கக்கூடிய அளவே ஒரு நாட்டின் முழுப்பருவ விளைச்சலாயிற்று. ஆறே ஆண்டுகள் கழித்து, 2015இல், அதே மண்டலத்தில் 3,50,000 டன்னுக்கு மேல் பிடிபட்டது. இவ்வினத்தின் உலகப் பிடிப்பு 10 இலட்சம் டன்னைத் தாண்டியது. அடுத்த ஆண்டே உலகப் பிடிப்பு 86 விழுக்காடு வீழ்ந்தது.

இவ்வெண்களைக் கொண்டு இரு தவறான முடிவுகளுக்கு வரலாம். வீழ்ச்சி அனைத்தும் மனிதன் செய்த கேடு என்பது ஒன்று. கட்டுப்பாடு இருந்த காலத்திலும் மோசமான ஆண்டுகள் வந்துள்ளன. கடல்நீரின் நிலை மாறினால் எவ்வளவு விதைத்தாலும் முளைப்பதில்லை. எல்லாம் கடலின் செயலே, கட்டுப்பாட்டால் பயனில்லை என்பது மற்றொன்று. இதுவும் பிழையே. விதைநெல் மழையைத் தருவதில்லை. ஆனால் மழை வரும் நாளில் விதை இல்லாதவன் வயல் தரிசாகவே கிடக்கும். 2009இல் ஏறத்தாழ மறைந்தே போன கூட்டம் பின்னர் மீண்டெழுந்தது என்றால், எங்கோ சில கணவாய்கள் தப்பிப் பிழைத்து முட்டையிட்டிருந்தன என்பதே பொருள். நாற்பது விழுக்காடு என்னும் விதி வளத்திற்கு உறுதி தருவதன்று; மோசமான ஆண்டு ஒன்று, மீளா அழிவாக மாறாதிருக்கத் தரும் காப்பு.

அக்காப்பு முழுமை பெறாமல் இருப்பது நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலில்தான். கரையிலிருந்து 200 கடல்மைல் தாண்டியதும் எந்நாட்டுக்கும் உரித்தல்லாத பொதுக்கடல் தொடங்குகிறது. படகோனியக் கடற்பரப்பின் விளிம்பு ஓரிடத்தில் அவ்வெல்லையைக் கடந்து நீள்கிறது. அங்கு ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கப்பல்கள் வரிசையாக நின்று கணவாய் பிடிக்கின்றன. ஒவ்வொரு கப்பலிலும் நூற்றுக்கு மேற்பட்ட விளக்குகள். ஒவ்வொரு விளக்கும் 2 கிலோவாட் ஆற்றல் உடையது. விண்ணில் சுழலும் செயற்கைக்கோளின் இரவுப் படங்களில், மனிதர் குடியில்லாத அக்கடல் ஒரு பெருநகரம் போல ஒளிர்கிறது. அந்நகரத்திற்குப் பொது ஆட்சி இல்லை. அப்பகுதிக் கணவாயைக் காக்கப் பன்னாட்டு மீன்வள அமைப்பு எதுவும் இன்றுவரை ஏற்படவில்லை. எல்லை மீறும் கப்பல்களுக்கும் காவற்படைக்கும் மோதல் நிகழ்வதும் உண்டு. 2016 மார்ச்சில் அர்ஜென்டினக் காவற்படை சுட்டதில் சீனக் கப்பலொன்று மூழ்கியது, மாலுமிகள் மீட்கப்பட்டனர். 2020 முதல் தன் கப்பல்கள் அப்பொதுக்கடலின் ஒரு பகுதியில் ஜூலை தொடங்கி மூன்று திங்கள் கணவாய் பிடிக்கலாகாது எனச் சீனா தானே முன்வந்து தடை விதித்தது. அது நல்ல தொடக்கமே. ஆயினும் கணவாய் மிகுதியாகப் பிடிபடும் திங்கள்கள் அதற்கு முன்பே கழிந்துவிடுகின்றன.

இந்த வரலாறு உணர்த்துவது ஒன்றே. கணக்கு கடினமானதன்று, எலிப்பொறியிலிருந்து பிறந்த எளிய கணக்கு அது. விதியும் கடினமானதன்று, நூற்றில் பதினான்கைத் தப்பவிடும் விதி அது. கடினமானது, அக்கணக்கை எல்லாரும் ஒரே ஏட்டில் எழுதுவது. ஒருவன் தப்பவிட்ட கணவாயை அடுத்தவன் பிடிப்பானாயின், தப்பவிட்டவனே ஏமாளி ஆகிறான். மறு ஆண்டு அவனும் தப்பவிட மாட்டான். கொடிய போருக்குப் பின்னும் இரு நாடுகள் பதினைந்து ஆண்டுகள் அந்த ஏட்டைச் சேர்ந்து எழுதினர் என்பதால், அது இயலாத செயலன்று என்பது உறுதி. ஆண்டுதோறும் குளிர்காலத்தில், எஞ்சிய கணவாய்கள் எந்தக் கொடியின் கீழுள்ள கடல் என்று அறியாமலே வடக்கு நோக்கி நீந்துகின்றன. அடுத்த ஆண்டின் கடல் முழுவதும் அந்தச் சிறு கூட்டத்திற்குள்ளேதான் இருக்கிறது.